எதிரில் இருப்பவர் என்ன எழுதிக்கொள்கிறார்? முதல் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நிறுவனத்தில் கிடங்குக் கணக்குப் பார்க்க ஆள் எடுத்தார்கள். நேர்காணல் நடத்திய மூவரில் நானும் ஒருவன். காலையிலிருந்து மாலைவரை ஏழு பேரைப் பார்த்தோம். எல்லாரும் போன பிறகு களைத்துப்போய் உட்கார்ந்து குறிப்புத் தாள்களைப் புரட்டினோம். மூன்றாவதாக வந்த இளைஞரைப் பற்றி என் தாளில் ‘நன்றாகப் பேசினார்’ என்று மட்டும் இருந்தது. மற்ற இருவரின் தாள்களிலும் ஏறக்குறைய அதேதான். அப்படி என்ன பேசினார் என்று யோசித்தால் மூவருக்குமே நினைவில்லை. ஐந்தாவதாக வந்த பெண் திக்கித் திணறித்தான் பேசினார். ஆனால் மூன்று தாள்களிலும் ஒரே செய்தி இருந்தது: ‘இருப்பில் 40 பெட்டி குறைந்தது. தானே தேடிக் கண்டுபிடித்தார். ஒரே ரசீது இரண்டு முறை பதிவாகியிருந்தது.’ வேலை அவருக்குக் கிடைத்தது.

அன்றிலிருந்து, நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகள் யாராவது யோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எழுந்து போன பிறகு அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது. உடை, கைகுலுக்கல், புன்னகை எல்லாமும் வரும். ஆனால் அவற்றுக்கு உரிய இடம் சிறியது.

முதலில் விளம்பரத்தைப் படியுங்கள், பேனாவோடு

பெரும்பாலோர் வேலை விளம்பரத்தில் பதவியின் பெயரையும் சம்பளத்தையும் கடைசித் தேதியையும் பார்த்துவிட்டு விண்ணப்பித்துவிடுகிறார்கள். நேர்காணல் அழைப்பு வந்த பிறகாவது அதை வரிவரியாகப் படியுங்கள். வினைச்சொற்களின் கீழ் கோடு போடுங்கள். ‘வாடிக்கையாளர் புகார்களைக் கையாளுதல்’, ‘மாதாந்திர அறிக்கை தயாரித்தல்’, ‘பிற துறைகளோடு ஒருங்கிணைத்தல்’ என்று நான்கைந்து கிடைக்கும். கேள்விகள் பெரும்பாலும் அந்தக் கோடுகளிலிருந்துதான் பிறக்கும். உள்ளே இருப்பவர்களும் அதே விளம்பரத்தை வைத்துக்கொண்டுதான் கேள்வி தயாரிப்பார்கள், அவர்களுக்கும் வேறு வேலைகள் இருக்கின்றன.

ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். வேலை அனுபவமே இல்லாதவர்கள் இங்கே மலைத்துப்போகிறார்கள். மலைக்க வேண்டாம். கல்லூரி விழாவின் வரவு செலவைப் பார்த்தது, தம்பி தங்கைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, குழுவாகச் செய்த திட்டப்பணியில் ஒருவர் பாதியில் விலகியபோது சமாளித்தது எல்லாமே கணக்கில் சேரும். புதியவரிடம் பத்தாண்டு அனுபவத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு சிக்கல் வந்தால் இவர் என்ன செய்கிற ஆள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

நிறுவனத்தைப் பற்றியும் அரை மணி நேரம் படியுங்கள். என்ன விற்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், அண்மையில் எதைத் தொடங்கினார்கள் என்று தெரிந்தால் போதும். நிறுவனர் பிறந்த ஆண்டை மனப்பாடம் செய்வதால் ஒரு பயனும் இல்லை.

உங்கள் விவரக்குறிப்பு உங்களுக்கே தெரியுமா?

பயோடேட்டாவில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு கேள்விக்கான அழைப்பு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் நேர்காணலில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘சதுரங்கம்’ என்று எழுதியிருந்தேன். பள்ளியில் பத்துப் பதினைந்து ஆட்டம் ஆடியிருப்பேன், அவ்வளவுதான். எதிரில் இருந்த பெரியவர் முகம் மலர்ந்து, ‘வெள்ளைக்காய் ஆடினால் எப்படித் தொடங்குவீர்கள்?’ என்றார். ‘சிப்பாயை நகர்த்துவேன்’ என்றேன். ‘எந்தச் சிப்பாயை?’ என்றார். அதற்குப் பிறகு நான் சொன்ன எந்தப் பதிலையும் அவர் முழுதாக நம்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. நம்பாததில் தவறும் இல்லை.

ஆகவே நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு உங்கள் விவரக்குறிப்பை அச்செடுத்து, சந்தேகப் பேர்வழி ஒருவர் படிப்பதுபோல் படியுங்கள். ‘எக்செல் தெரியும்’ என்றால் எந்த அளவுக்கு? ‘குழுவை வழிநடத்தினேன்’ என்றால் எத்தனை பேர், எத்தனை நாள்? ஆறு மாத இடைவெளி இருந்தால் அதில் என்ன செய்தீர்கள்? பதில் சொல்ல முடியாத வரியை இப்போதே எடுத்துவிட முடியாது, விவரக்குறிப்பு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் நேர்மையான ஒரு விளக்கத்தைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

சம்பவங்களைச் சேகரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

‘நீங்கள் பொறுமைசாலியா?’ என்று கேட்டால் உலகத்தில் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் பல நிறுவனங்கள் இப்படிக் கேட்பதை விட்டுவிட்டன. ‘கோபமான வாடிக்கையாளர் ஒருவரைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று நடந்ததைக் கேட்கிறார்கள். அல்லது ‘இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கற்பனைச் சூழலைக் கொடுக்கிறார்கள். இரண்டும் 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் வகுத்த முறைகள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்று ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். 2022இல் வேறொரு குழு அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டபோது எண்கள் இறங்கின. ஆனால் ஒழுங்குபடுத்திய நேர்காணல் மற்றத் தேர்வு முறைகளையெல்லாம் தாண்டிப் பட்டியலின் உச்சிக்குப் போனது.

இதில் உங்களுக்கு என்ன லாபம்? எதிரில் இருப்பவர் கையில் பெரும்பாலும் மதிப்பெண் தாள் ஒன்று இருக்கும். அதில் எழுதுவதற்கு அவருக்குச் சம்பவம் வேண்டும். ‘நான் கடின உழைப்பாளி’ என்பதை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆறு அல்லது ஏழு சம்பவங்கள் போதும். ஒரு தவறு செய்து திருத்திக்கொண்டது, யாரோடாவது கருத்து வேறுபட்டது, நேரம் நெருக்கியபோது வேலையை முடித்தது, தெரியாத ஒன்றைத் தானாகக் கற்றுக்கொண்டது, யாரும் சொல்லாமலே ஒரு வேலையை எடுத்துச் செய்தது, எடுத்த காரியம் தோற்றுப்போனது. ஒரே சம்பவம் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதிலாகலாம், அதனால் முப்பது கேள்விக்கு முப்பது பதில் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஒவ்வொரு சம்பவத்தையும் நான்கு துண்டாக எழுதிப் பாருங்கள்: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன ஆனது. இது ஊரறிந்த முறைதான். ஆனால் நான் பார்த்தவரை, பத்தில் எட்டுப் பேர் முதல் துண்டிலேயே மூழ்கிவிடுகிறார்கள். கல்லூரி எங்கே இருந்தது, துறைத்தலைவர் எப்படிப்பட்டவர், விழா ஏன் தள்ளிப்போனது என்று இரண்டு நிமிடம் போகும். பிறகு ‘எல்லாரும் சேர்ந்து நல்லபடியாக முடித்தோம்’ என்று ஒரே வரியில் இறங்கிவிடுவார்கள். நிலைமைக்கு இரண்டு வாக்கியம் போதும். பாதிக்கு மேற்பட்ட நேரம் நீங்கள் செய்ததற்குப் போக வேண்டும்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. ‘நான்’ என்று சொல்வதே கர்வம் என்று நமக்குச் சிறு வயதிலிருந்து ஊறிவிட்டது. அதனால் ‘நாங்கள் செய்தோம்’ என்போம், இன்னும் அடக்கமாக ‘செய்யப்பட்டது’ என்போம். வீட்டிலும் விருந்திலும் அழகான குணம். நேர்காணலில் எதிரில் இருப்பவருக்கு அது வெற்றுத்தாள். ‘நாங்கள்’ என்பதில் நான்கு பேர் இருந்தால் உங்கள் பங்கு கால்வாசியா, முக்கால்வாசியா, வேடிக்கை பார்த்ததா என்று அவருக்குத் தெரியாது. குழுவின் வேலையை ‘நாங்கள்’ என்றும் உங்கள் கை பட்டதை ‘நான்’ என்றும் பிரித்துச் சொல்லுங்கள். அது தற்பெருமையில் சேராது, கணக்கு ஒப்புவிப்பதில்தான் சேரும்.

ஒரு எடுத்துக்காட்டு. கேள்வி: ‘நெருக்கடியில் வேலை செய்த அனுபவம் உண்டா?’

முதல் வகைப் பதில்: ‘நிறைய உண்டு. கல்லூரியில் கருத்தரங்கு நடத்தியபோது மிகவும் நெருக்கடி. எல்லாரும் இரவுபகலாக உழைத்தோம். நிகழ்ச்சி வெற்றிகரமாக நடந்தது.’

இரண்டாம் வகை: ‘துறைக் கருத்தரங்குக்கு 120 பேர் பதிவு செய்திருந்தார்கள். முந்தைய நாள் மாலை அரங்கம் கிடைக்காது என்று தெரிந்தது. மாற்று இடம் தேடுவது நண்பரின் பொறுப்பு, வருகிறவர்களுக்குத் தகவல் சொல்வது என் பொறுப்பு. மின்னஞ்சல் மட்டும் அனுப்பினால் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பட்டியலை நான்காகப் பிரித்து மூன்று பேரிடம் கொடுத்தேன், ஒரு பங்கை நான் வைத்துக்கொண்டேன், இரவு ஒன்பது மணிக்குள் எல்லாரையும் தொலைபேசியில் அழைத்துவிட்டோம். எடுக்காத பதினோரு பேருக்காகக் காலையில் பழைய அரங்க வாசலில் நான் நின்றேன்.’

கடைசி வாக்கியம்தான் தாளில் விழும். வாசலில் போய் நின்றது பெரிய சாதனை இல்லை. ஆனால் இந்த ஆள் விட்டுப்போனவர்களைப் பற்றி யோசிக்கிறார் என்பது அதில் தெரிகிறது.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பிறந்த ஊர், அப்பாவின் தொழில், பள்ளியின் பெயர் என்று தொடங்க வேண்டாம். அதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது, இல்லையென்றால் வேலைக்குத் தேவையில்லை. இப்போது என்ன செய்கிறீர்கள் அல்லது என்ன படித்து முடித்தீர்கள், அதில் இந்த வேலைக்குப் பொருந்துகிற ஒரு விஷயம், ஏன் இங்கே வந்திருக்கிறீர்கள் என்ற மூன்றையும் ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லி நிறுத்துங்கள். நடுவில் உங்களுக்குச் சாதகமான சம்பவம் ஒன்றின் நுனியை மட்டும் காட்டிவிட்டு நகருங்கள். ‘கடைசி ஆண்டில் நூலகத்தின் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையைச் செய்தேன்’ என்றால், அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும். உங்களுக்குத் தெரிந்த தெருவுக்குள் அவரை நீங்களே அழைத்து வந்துவிட்டீர்கள்.

வாய்விட்டுப் பழகுங்கள்

மனத்துக்குள் சொல்லிப் பார்க்கும்போது நாம் எல்லாருமே பேச்சாளர்கள். வாயைத் திறந்தால்தான் வாக்கியம் எங்கே உடைகிறது என்று தெரியும். கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கக் கூச்சமாக இருக்கும், இரண்டாவது தடவை பயன் இருக்கும். நண்பர் ஒருவரை உட்கார வைத்து, ‘அலுப்புத் தட்டினால் உடனே கையைத் தூக்கு’ என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்று சொல்கிற நண்பர் இதற்குச் சரிப்பட மாட்டார்.

வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் முழுப் பதிலும் சரிந்துவிடும். சம்பவத்தின் வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள், சொற்கள் அன்றைக்கு வரட்டும்.

உடை, கோப்பு, நேரம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனத்தில் தினமும் என்ன உடுத்துகிறார்களோ அதைவிட ஒரு படி ஒழுங்காக உடுத்துங்கள். சுத்தமாக, இஸ்திரி போட்டு, உட்கார்ந்து எழுந்தால் இழுத்துவிடத் தேவையில்லாததாக இருக்கட்டும். புத்தம்புதிய காலணியை அன்றைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள். அசல் சான்றிதழ்கள், நகல்கள், விவரக்குறிப்பின் இரண்டு அச்சுப் பிரதிகள், ஒரு பேனா, சிறு நோட்டு எல்லாம் முந்தைய இரவே கோப்பில் ஏற வேண்டும். சொன்ன நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு போங்கள். ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தால் வரவேற்பில் இருப்பவருக்குச் சங்கடம், உங்களுக்கோ படபடப்பு கூடும். வெளியே எங்காவது இருந்துவிட்டு உள்ளே போகலாம். தாமதமாகும் என்று தெரிந்தால் வழியிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

வாயிற்காவலர், வரவேற்பாளர், தண்ணீர் கொண்டுவந்து வைப்பவர் எல்லாரிடமும் பேசும் விதத்தில் கவனம் வையுங்கள். ‘வெளியில் எப்படி நடந்துகொண்டார்?’ என்று வரவேற்பாளரிடம் கேட்கும் மேலாளர்களை எனக்குத் தெரியும். அப்படிக் கேட்காவிட்டாலும் மரியாதையாக நடந்துகொள்வதில் நட்டம் ஒன்றும் இல்லை.

சட்டையில் கறை பட்டுவிட்டதா, பொத்தான் போய்விட்டதா? பதற வேண்டாம். தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர் தன் சகாக்களோடு 2000இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட பனியனை அணிவித்து மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

உள்ளே நுழைந்ததும்

முதல் பார்வை கொஞ்சம் அநியாயமானது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். 1920இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், இராணுவ அதிகாரிகள் தம் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்தார். உடல்தோற்றத்துக்கு நல்ல மதிப்பெண் பெற்றவருக்கே அறிவுக்கும், தலைமைக்கும், நடத்தைக்கும் சேர்த்து நல்ல மதிப்பெண் விழுந்திருந்தது. ஒரு நல்ல குணத்தின் வெளிச்சம் மற்றவற்றின் மீதும் படிந்துவிடுகிறது. 2006இல் ஜனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரொவ் இருவரும் நடத்திய ஆய்வில், ஒரு முகத்தைப் பார்த்து இவர் நம்பகமானவரா என்று தீர்மானிக்க மனிதர்களுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே போதுமாக இருந்தது.

முகத்தை மாற்ற முடியாது. ஆனால் அந்த முதல் இரண்டு நிமிடத்தில் உங்கள் கையில் இருப்பவையும் சில உண்டு. கதவைத் தட்டி நிதானமாக நுழையுங்கள். அறையில் உள்ள எல்லாரையும் பார்த்து வணக்கம் சொல்லுங்கள், நடுவில் இருப்பவரை மட்டுமல்ல. கைகொடுப்பதை அவர்கள் தொடங்கினால் கொடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். உட்காரச் சொன்ன பிறகு உட்கார்ந்து, கோப்பை மடியிலோ மேசை ஓரத்திலோ வையுங்கள். கைபேசி அணைந்திருக்கட்டும், அதிர்வில் வைத்தாலும் மேசையில் அது வண்டுபோல் ரீங்கரிக்கும்.

கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதிலைத் தொடங்குங்கள், நடுவில் மற்றவர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவரிடமே வந்து முடியுங்கள். ஓரத்தில் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டிருக்கும் அந்த மூன்றாமவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பல இடங்களில் நீங்கள் வேலை செய்யப்போவது அவரிடம்தான்.

இங்கே ஒரு மூடநம்பிக்கையைக் கழித்துவிட வேண்டும். ‘நாம் சொல்வதில் சொற்களின் பங்கு 7 சதவீதம், மீதி 93 குரலும் உடல்மொழியும்’ என்று பயிற்சி வகுப்புகளில் சுவரில் எழுதிப் போடுகிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்கள் அவை. தனிச் சொற்களை வெவ்வேறு குரலிலும் முகபாவத்திலும் சொன்னால், சொன்னவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்று கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதைத்தான் அவர் அளந்தார். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். உட்காரும் கோணத்தைக் கண்ணாடி முன் பழகுகிற நேரத்தில் இன்னொரு சம்பவத்தைத் தயார் செய்யுங்கள்.

படபடப்பு

வரத்தான் செய்யும். ‘அமைதியாக இரு’ என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்காது. அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், மேடையேறும் முன் ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். இதயம் வேகமாக அடிப்பது படபடப்பிலும் உற்சாகத்திலும் ஒன்றுதான், அதற்கு நாம் வைக்கும் பெயர்தான் வேறு. எனக்கு உதவுவது இன்னும் எளிமையானது: கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடங்குவேன். மூன்று நொடி மௌனம் உங்களுக்கு மூன்று நிமிடமாகத் தெரியும், எதிரில் இருப்பவருக்கோ யோசிக்கிற ஆளாகத் தெரியும். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்.

கடினமான கேள்விகள்

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘அந்த மென்பொருளை நான் பயன்படுத்தியதில்லை. அதே வேலையை வேறொரு மென்பொருளில் செய்திருக்கிறேன், அடிப்படை இதுதான் என்று நினைக்கிறேன்’ என்றால் ஒரு தளம் கிடைக்கிறது. உளறி மாட்டிக்கொண்டால் சரியாகச் சொன்ன பதில்களுக்கும் சேர்த்துச் சந்தேகம் வந்துவிடும், என் சதுரங்கம்போல. கேள்வி புரியவில்லை என்றால் ‘நீங்கள் கேட்பது இதுதானா?’ என்று உறுதி செய்துகொள்வதில் வெட்கம் இல்லை. தவறான கேள்விக்கு அருமையான பதில் சொன்னவர்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியிருக்கிறேன்.

‘உங்கள் பலவீனம் என்ன?’ இதற்கு ‘அளவுக்கு மீறி உழைப்பேன்’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், வேலையின் அடிமடியில் கை வைக்காத ஒன்றாக. கணக்கு வேலைக்குப் போய் ‘எண்களில் தவறு வரும்’ என்று சொல்ல வேண்டாம். ‘பலர் முன்னால் பேசத் தயங்குவேன். அதனால் கடந்த ஆறு மாதமாக வாராந்திரக் கூட்டத்தில் ஒரு பகுதியை நானே கேட்டு வாங்கிப் பேசுகிறேன்’ என்பதுபோல, குறையும் அதற்குச் செய்யும் வைத்தியமும் சேர்ந்து வர வேண்டும்.

பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்றால், பழைய மேலாளரைத் திட்டாதீர்கள். அவர் திட்டத்தக்கவராகவே இருக்கலாம். ஆனால் நாளை இவர் நம்மையும் இப்படித்தான் சொல்வார் என்று எதிரில் இருப்பவர் நினைப்பார். ‘அங்கே கற்றுக்கொண்டது இது, அடுத்துக் கற்க விரும்புவது அங்கே இல்லை’ என்று முடித்துக்கொள்ளலாம். திருமணம், குழந்தை, மதம் போன்ற வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்விகள் வந்தால் கோபப்படாமல், ‘இந்த வேலையின் நேரத்துக்கும் பயணத்துக்கும் என்னால் வர முடியும், அதில் தடை இல்லை’ என்று கேள்வியை வேலைப் பக்கம் திருப்பலாம். அப்படிக் கேட்கும் இடம் எப்படிப்பட்டது என்பதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். தாள் அவர்களிடம் மட்டும் இருப்பதில்லை.

உங்கள் முறை வரும்போது

‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுந்துவிடாதீர்கள். இரண்டு கேள்விகளாவது நோட்டில் இருக்கட்டும். எனக்குப் பிடித்தவை: ‘இந்த வேலையில் சேர்பவர் முதல் மூன்று மாதத்தில் எதை முடித்தால் நீங்கள் திருப்தி அடைவீர்கள்?’, ‘இது புதிய இடமா, முன்பு ஒருவர் இருந்த இடமா?’ முதல் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டு, உங்கள் சம்பவங்களில் பொருந்துவது ஒன்று மிச்சம் இருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைவிட, அதைச் சொல்லும்போது மேசையில் நடக்கும் பார்வைப் பரிமாற்றம் பல விஷயங்களைச் சொல்லும்.

சம்பளத்தை முதல் சுற்றில் நீங்களாக எடுக்க வேண்டாம். அவர்கள் கேட்டால் மழுப்பவும் வேண்டாம். அதே வேலைக்கு வெளியில் என்ன கொடுக்கிறார்கள் என்று முன்பே விசாரித்து, ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். அந்த வரம்பின் கீழ் எண்ணே கிடைத்தாலும் வருந்தாத அளவுக்கு அது இருக்க வேண்டும். மொத்தச் சம்பளமா, பிடித்தம் போகக் கைக்கு வருவதா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வேலை தருவதற்கு முன் ‘பதிவுக் கட்டணம்’, ‘பயிற்சி வைப்புத்தொகை’ என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அது நேர்காணலே அல்ல.

காணொளியில் நேர்காணல் என்றால்

கேமரா கண்மட்டத்தில் இருக்கட்டும், மடிக்கணினியின் அடியில் நான்கு தடித்த புத்தகங்களை வைத்தால் போதும். வெளிச்சம் முகத்துக்கு எதிரில் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் நிழலுருவம்தான் தெரியும். மைக் உள்ள ஹெட்போன் போட்டுக்கொண்டு, முந்தைய நாளே ஒரு நண்பரோடு பேசிச் சோதியுங்கள். இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் பேசுவது என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். பேசும்போது திரையில் தெரியும் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பாருங்கள். குறிப்புகளைப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். ஆனால் பதிலைத் திரையில் ஓடவிட்டு வாசித்தால் கண்கள் இடமிருந்து வலமாக ஓடுவது எதிரில் இருப்பவருக்கு அப்பட்டமாகத் தெரியும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு வாசிக்கிறவர்களுக்கும் இதுதான் நடக்கிறது, அடுத்த துணைக்கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்.

வெளியே வந்த பிறகு

முதல் வேலை, கேட்ட கேள்விகளை நினைவிருக்கும்போதே நோட்டில் எழுதிவிடுவது. எங்கே தடுமாறினீர்கள் என்றும் ஒரு வரி. இரண்டாம் சுற்றுக்கு அழைத்தால் இந்த நோட்டே பாதித் தயாரிப்பு.

அன்று மாலையோ மறுநாளோ ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பலாம். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, பேசியதில் உங்களுக்குப் பிடித்த ஒரு விஷயம், தேவையானால் இன்னும் தரக்கூடிய ஆவணம் என்று நான்கு வரி போதும். முடிவைச் சொல்வதாக அவர்கள் குறித்த தேதி கடந்து இரண்டு மூன்று வேலை நாள் ஆன பிறகு ஒரு முறை விசாரிக்கலாம். ‘கடந்த செவ்வாயன்று கணக்கர் பதவிக்கான நேர்காணலுக்கு வந்திருந்தேன். தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா?’ என்று கேட்டால் யாருக்கும் எரிச்சல் வராது. தினமும் தொலைபேசியில் கேட்டால் வரும்.

கிடைக்கவில்லை என்றால், எதை மேம்படுத்திக்கொள்ளலாம் என்று கேட்டு ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். பல இடங்களில் பதில் வராது. வருகிற ஒன்றிரண்டு பதில்களை அதே நோட்டில் எழுதி வையுங்கள். வேலை கிடைத்துவிட்டதாகத் தொலைபேசி வந்தால், மகிழ்ச்சியைச் சொல்லுங்கள், நன்றி சொல்லுங்கள், ‘பணி நியமனக் கடிதத்தைப் படித்துவிட்டு இன்ன தேதிக்குள் உறுதி செய்கிறேன்’ என்று சொல்லி வையுங்கள். கையில் இருக்கும் பழைய வேலையை, அந்தக் கடிதம் எழுத்தில் வந்து சேரும்வரை விட வேண்டாம்.